கிழக்குக் காற்று மாதங்களுக்கு ஒரு பால் குளியல்

மழை ஓய்ந்து கார்த்திகை பிறந்ததும் பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கிழக்குக் காற்று அடிக்க ஆரம்பித்துவிடும். வேலந்தாவளம், கொழிஞ்சாம்பாறை, சித்தூர், மீனாட்சிபுரம், கோவிந்தாபுரம் என்று கேரள–தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி இருப்பவர்களுக்கு இதைச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. ராத்திரியெல்லாம் பனையோலை சடசடக்கும். கொடியில் போட்ட துணி சீக்கிரமே காய்ந்து விறைத்துவிடும். தோலும் காயும். முழங்காலுக்குக் கீழே நகத்தால் லேசாகக் கீறினால் வெள்ளைக் கோடு விழும். குதிகால் வெடிப்பில் போர்வை நூல் மாட்டி இழுக்கும்.

தண்ணீரும் இதில் சேர்த்தி. கேரளம் என்றாலே மழை என்று வெளியூர்க்காரர்கள் நினைப்பார்கள், ஆனால் இந்தக் கிழக்கு ஓரத்தில் மழை குறைவு, நிறைய வீடுகளில் போர்வெல் தண்ணீர்தான். தண்ணீர் காய்ச்சும் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் பொருக்குத் தட்டுகிறதே, அந்தச் சுண்ணாம்புச் சத்து சோப்போடு சேர்ந்தால் நுரைக்குப் பதில் ஒரு படிவாகத் தோல்மேல் உட்கார்ந்துகொள்ளும். எவ்வளவு அலசினாலும் முழுசாகப் போகாது. குளித்துவிட்டு வந்த அரை மணி நேரத்தில் உடம்பு இழுத்துப் பிடிப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

இந்த மாதங்களில் வாரத்துக்கு ஒரு நாளோ இரண்டு நாளோ வீட்டிலேயே பால் குளியல் போட்டுக்கொள்ளலாம். பால், மோர், தேங்காய், பாசிப்பயறு, நல்ல துண்டு எல்லாம் இந்தப் பக்கத்தில் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன. வாசனைத் திரவியக் கடையில் விலை கொடுத்து எதையும் வாங்க வேண்டாம். புதிதாகத் தொடங்குபவர்கள் ஒன்றை மட்டும் முதலிலேயே தெரிந்துகொள்ளுங்கள். பலனில் பாதி பாலுடையது. மீதிப் பாதி, தண்ணீரின் சூடு, உள்ளே இருக்கும் நேரம், வெளியே வந்ததும் எண்ணெய் பூசும் வேகம் இந்த மூன்றுக்கும் சேரும். இந்த மூன்றையும் கோட்டை விட்டுவிட்டு நாலு லிட்டர் பாலைக் கொட்டினாலும் தோல் மறுநாளே பழையபடி ஆகிவிடும்.

பால் என்ன செய்கிறது

பசும்பாலில் ஏறக்குறைய 87 சதவீதம் தண்ணீர். கொழுப்பு மூன்றரை முதல் நாலு சதவீதம், எருமைப்பாலில் ஆறு முதல் எட்டு. புரதம் மூணேகால் சதவீதம் போல. மீதி பெரும்பாலும் லாக்டோஸ் என்கிற பால் சர்க்கரை. கொழுப்பும் புரதமும் தோலில் மெல்லிய படலமாக ஒட்டி, சொரசொரப்பை அடக்கி, ஈரம் ஆவியாவதைக் கொஞ்சம் தடுக்கும். புதுப்பால் செய்கிற வேலை இவ்வளவுதான்.

பாலில் இருக்கும் லாக்டிக் அமிலம் இறந்த தோலை உரிக்கும் என்று எல்லா இடத்திலும் எழுதியிருக்கும். புதுப்பாலில் அந்த அமிலம் இல்லை என்றே சொல்லலாம். உறை ஊற்றி, பால் சர்க்கரையை நுண்ணுயிர்கள் தின்று புளிக்கவைத்த பிறகுதான் அது உண்டாகிறது. நன்றாகப் புளித்த தயிரில் ஒரு சதவீதத்தை ஒட்டி இருக்கும். மருந்துக்கடையில் சொரசொரப்பான தோலுக்குக் கொடுக்கும் லாக்டிக் அமில லோஷன்களில் 5 முதல் 12 சதவீதம்வரை இருக்கும், அதோடு பார்த்தால் மோர் ரொம்பச் சாது. சாதுவாக இருப்பதுதான் வீட்டு உபயோகத்துக்கு நல்லது. நம் தோலின் மேலடுக்கில் ஈரத்தை இழுத்து வைக்கும் பொருட்களில் லாக்டிக் அமிலமும் ஒன்று. தோல் லேசான புளிப்பிலேயே நலமாக இருக்கும். சோப்பு அதைக் காரத்தின் பக்கம் இழுக்கிறது, மோர் திரும்ப இந்தப் பக்கம் கொண்டுவருகிறது.

அதனால் முதல்முறை செய்பவர்களுக்கு நான் சொல்வது மோர்க் குளியலைத்தான். இன்னொரு காரணமும் உண்டு. குடிக்கிற பாலைக் குளிக்கக் கொட்டுவது என்றால் நம் வீட்டுப் பெரியவர்களுக்கு மனசு ஒப்பாது. காலையில் கேனைத் தூக்கிக்கொண்டு சொசைட்டிக்குப் போகிற வீடுகள் நிறைந்த ஊர் இது. பக்கத்து வீட்டில் மூணு மாடு வைத்திருக்கும் அக்கா, நான் பால் கேட்டுப் போனபோது, "பாலை எதுக்குங் கண்ணு கொட்டறே? முந்தாநேத்து மோரு புளிச்சுக் கெடக்குது, அதை எடுத்துட்டுப் போ, மேலுக்கு அதுதான் நல்லா இருக்கும்" என்று சொம்பை நிரப்பிக் கொடுத்தார். அவர் சொன்னது முழுக்கச் சரி.

யார் செய்யக்கூடாது

இந்தப் பகுதியைப் படிக்காமல் தாண்டிப் போய்விடாதீர்கள். பால் ஒவ்வாமை உள்ளவர்கள் பால், மோர், பால் பவுடர் எதையும் தோலில் போடக்கூடாது. கரப்பான் வந்து தோல் வெடித்து நீர் கசியும் நிலையில் இருப்பவர்களும் வேண்டாம், குறிப்பாகக் குழந்தைகளுக்கு வேண்டவே வேண்டாம். உடைந்த தோல் வழியாக உணவுப் புரதங்கள் உள்ளே போனால், பிறகு அதே உணவைச் சாப்பிடும்போது ஒவ்வாமை வரும் வாய்ப்பு உண்டு. கைக்குழந்தையைக் கமுகம்பாளையில் கிடத்திக் குளிப்பாட்டும் வீடுகளில் இப்போது பால் ஊற்றிப் படம் எடுக்கும் பழக்கமும் வந்திருக்கிறது. குழந்தைக்கு வெறும் வெதுவெதுப்பான தண்ணீரும் தேங்காய் எண்ணெயும் போதும்.

படர்தாமரை, புண், அன்றைக்குச் சவரம் செய்த அல்லது வாக்ஸிங் செய்த தோல், பிறப்புறுப்பில் அரிப்பு அல்லது வெள்ளைப்படுதல், காய்ச்சல் இவற்றில் எது இருந்தாலும் ஆறும்வரை பொறுத்திருங்கள். சர்க்கரை நோயாளிகள் காலை ஊறவைக்கும் முன் விரலிடுக்கு, பாதத்தின் அடி எல்லாம் பார்த்துவிட வேண்டும், சின்ன வெட்டு இருந்தாலும் வேண்டாம். காலில் மரத்துப்போன உணர்வு உள்ளவர்களுக்குத் தண்ணீரின் சூடு தெரியாது, வேறொருவர் கையை விட்டுப் பார்த்துச் சொல்ல வேண்டும்.

இதில் எதுவும் இல்லாதவர்களும் முதல் நாள் ஒரு சோதனை செய்துகொள்ளுங்கள். பயன்படுத்தப்போகும் கலவையில் ஒரு ஸ்பூன் எடுத்து முழங்கை மடிப்பில் தடவி, கால் மணி நேரம் விட்டுக் கழுவிவிடுங்கள். ஒரு நாள் முழுக்க அந்த இடத்தைக் கவனியுங்கள். சிவப்பு, தடிப்பு, அரிப்பு எதுவும் இல்லையென்றால் தொடங்கலாம்.

எந்தப் பால், எந்தத் தண்ணீர்

கறந்த பச்சைப்பாலை அப்படியே பயன்படுத்தாதீர்கள். பாக்கெட் பால் பதப்படுத்தி வருவதால் கவலையில்லை. மில்மா பாக்கெட்டோ, பொள்ளாச்சிப் பக்கம் வாங்கும் ஆவினோ, எதுவும் சரி. வீட்டில் கறக்கும் பால் என்றால் ஒரு கொதி விட்டு ஆறவைத்துக்கொள்ளுங்கள். பச்சைப்பாலில் மாட்டிடமிருந்து மனிதருக்குத் தொற்றும் கிருமிகள் இருக்கக்கூடும், நம் தோலில் கண்ணுக்குத் தெரியாத கீறல்கள் எப்போதும் இருக்கும். பாலில் கொழுப்பு எடுக்காததாகப் பாருங்கள். கொழுப்பு நீக்கிய பாலில் குளிப்பதில் பெரிய பிரயோஜனம் இல்லை.

பால் பவுடர் வாங்கினால் அட்டையில் இருப்பதைப் படித்துவிட்டு வாங்குங்கள். டீக்குப் போடும் டெய்ரி ஒயிட்னரில் சர்க்கரை சேர்த்திருப்பார்கள், குளித்த பிறகு உடம்பு பிசுபிசுக்கும். முழுக்கொழுப்புப் பால் பவுடர் என்று கேட்டு வாங்க வேண்டும்.

தண்ணீருக்கு வருவோம். வீட்டில் ஆற்றுத் தண்ணீர் பைப்பில் வருகிறதென்றால் அதை இந்தக் குளியலுக்கு ஒதுக்குங்கள். தொட்டியில் பிடித்த மழைத்தண்ணீர் இருந்தால் இன்னும் நல்லது. போர்வெல் மட்டும்தான் என்றால், குளிக்கத் தேவையானதைக் கொதிக்கவைத்து, ஆறவிட்டு, அடியில் படிந்ததைக் கலக்காமல் மேலாக இறுத்துக்கொள்ளலாம். கடினத்தன்மை முழுசாகப் போகாவிட்டாலும் ஒரு பகுதி அடியில் தங்கிவிடும். இதற்காக இருபது லிட்டர் காய்ச்ச வேண்டியதில்லை, ஏனென்று கீழே வரும்.

வாளியில் மோர்க் குளியல்

பால் குளியல் என்றதும் எல்லோரும் கேட்கும் கேள்வி, "எங்க வீட்டில் டப் இல்லையே?" என்பதுதான். நம்மில் பெரும்பாலோர் வாளியும் மக்குமாகக் குளிக்கிறவர்கள். ஆனால் மக்கில் மொண்டு ஊற்றினால் பால் தோலில் நிற்காது, ஊற்றிய நொடியில் சாக்கடைக்குப் போய்விடும். அதற்கு வழி துணிதான். நம் பக்கம் கிடைக்கும் மெல்லிய ஈரிழைத் துண்டு இதற்கென்றே நெய்ததுபோல் இருக்கும். டர்க்கி டவல் வேண்டாம், அது பாலையெல்லாம் தானே குடித்துவிட்டுக் கனக்கும்.

தேவையானவை: புளித்த மோர் அரை லிட்டர், தண்ணீர் ஐந்து லிட்டர், துவைத்த ஈரிழைத் துண்டு மூன்று, உட்கார ஒரு முக்காலி அல்லது மணை, எண்ணெய்க் கிண்ணம். மோர் முந்தைய நாள் கடைந்ததாக, நன்றாகப் புளித்து, ஆனால் நல்ல வாசனையோடு இருக்க வேண்டும். பூஞ்சைத் தட்டியிருந்தாலோ, கசப்பு வாடை வந்தாலோ கொட்டிவிடுங்கள். உப்பு, பச்சைமிளகாய், இஞ்சி தட்டிப் போட்ட மோர் குடிப்பதற்கு மட்டும்.

மோரை முதலில் ஒரு லிட்டர் பச்சைத் தண்ணீரில் கரைத்து வடிகட்டிக்கொள்ளுங்கள். பிறகுதான் வெந்நீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கலக்க வேண்டும். கொதிநீரில் மோரைக் கொட்டினால் திப்பி திப்பியாகத் திரிந்துவிடும், துணியில் ஒட்டும், முடியில் ஒட்டும். முழங்கையை விட்டால் சூடும் தெரியாமல் குளிர்ச்சியும் தெரியாமல் இருக்க வேண்டும். வெப்பமானியில் பார்ப்பவர்களுக்கு 36 முதல் 38 டிகிரி. காற்று மாதத்தில் குளிருகிறது என்று ஆவி பறக்கும் வெந்நீரில் குளிக்கிறோமே, தோலைக் காயவைப்பதில் முதல் குற்றவாளி அதுதான். தோலின் சொந்த எண்ணெயை அது கழுவிக்கொண்டு போய்விடும்.

முதலில் உடம்பில் சாதாரண வெதுவெதுப்பான தண்ணீரை ஊற்றி, வியர்வை, தூசு போக அலசுங்கள். சோப்பு வேண்டாம். அழுக்கு இருக்கிறதென்றால் பாசிப்பயறு மாவைக் குழைத்து அக்குளிலும் பாதத்திலும் மட்டும் தேய்த்துக் கழுவலாம். இஞ்ச என்ற கொடியின் பட்டையை நாராக அடித்துத் தேய்த்துக் குளிக்கும் பழக்கம் இந்தப் பக்கம் உண்டு. மற்ற நாட்களில் தாராளமாகத் தேய்க்கலாம், மோர் போடும் அன்றைக்கு வேண்டாம். தோல் ஏற்கெனவே இளகி இருக்கும்போது நாரால் தேய்த்தால் எரியும்.

அப்புறம் மணையில் உட்கார்ந்து, துண்டுகளை மோர்த் தண்ணீரில் நனைத்து, லேசாகப் பிழிந்து, ஒன்றை இரண்டு கால்களின்மேலும் முழங்காலிலிருந்து பாதம்வரை போர்த்துங்கள். ஒன்றை முதுகோடு தோளைச் சுற்றி, மற்றதைக் கைகள்மேல். துணி தோலோடு ஒட்டிப் படிய வேண்டும், இடையில் காற்று இருந்தால் குளிரும். மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை மக்கில் மோர்த் தண்ணீரை மொண்டு துணியின்மேல் மெதுவாக ஊற்றிக்கொண்டே இருங்கள். ஜன்னலைச் சாத்திவிடுங்கள். பத்து நிமிடம் போதும், மிஞ்சினால் பதினைந்து. தண்ணீரில் அதிக நேரம் ஊறினால் தோல் மிருதுவாகும் என்று தோன்றும், நடப்பது நேர்மாறு. விரல் நுனி சுருங்கிப்போன பிறகும் ஊறினால் தோலில் உள்ள ஈரம் காக்கும் பொருட்கள் கரைந்து வெளியே போக ஆரம்பிக்கும்.

துணியை எடுத்த பிறகு அதே துணியால், அழுத்தாமல், கணுக்காலிலிருந்து மேலாக ஒருமுறை தடவிவிடுங்கள். முழங்கை, முழங்கால், குதிகால் இந்த இடங்களில் மட்டும் நாலைந்து முறை. இறந்த தோல் நூல் நூலாகத் திரண்டு வருவதைப் பார்க்கலாம். கடைசியில் நல்ல தண்ணீர் இரண்டு மக்கு. புளிப்பு வாடை போகும் அளவுக்கு ஊற்றினால் போதும், வழுவழுப்பு முழுக்கப் போகும்வரை அலச வேண்டாம்.

இதைச் சாயங்காலம் செய்யுங்கள். லாக்டிக் அமிலம் பட்ட தோலுக்கு வெயில் கொஞ்சம் கூடுதலாக உறைக்கும். காலையில் மோர்க் குளியல் போட்டுவிட்டு பத்து மணி வெயிலில் தோட்டத்துக்குப் போவது நல்லதல்ல.

எண்ணெய், உடனே

குளித்து முடித்ததும் துண்டால் ஒற்றி எடுங்கள், தேய்க்காதீர்கள். தோலில் லேசாக ஈரம் மினுங்கும் நிலையிலேயே, மூன்று நிமிடத்துக்குள், குளியலறைக்கு உள்ளேயே எண்ணெய் பூச வேண்டும். வெளியே வந்து துணி மாற்றி, தலை துவட்டி, ஃபேனுக்குக் கீழே நின்று அதற்கப்புறம் பூசினால், உள்ளே போன ஈரம் அதற்குள் காற்றோடு போயிருக்கும். எண்ணெய் தானாக ஈரம் கொடுப்பதில்லை, இருக்கிற ஈரத்தை மூடி வைக்கிறது. அதனால்தான் எண்ணெய்க் கிண்ணத்தைக் குளிக்கும் முன்பே கையெட்டும் இடத்தில் வைக்கச் சொல்கிறேன்.

எது நல்ல எண்ணெய்? நம் ஊரில் தேங்காய்ப்பாலை உருளியில் காய்ச்சி எடுக்கும் உருக்கெண்ணெய்தான் என் முதல் தேர்வு. தேங்காய்ப்பாலை மிதமான தீயில் கிளறிக்கொண்டே இருந்தால் முதலில் திரிந்து, பிறகு கக்கம் என்கிற திப்பி பொன்னிறமாகி, எண்ணெய் தெளிந்து மேலே வரும். அந்த வாசனை வந்ததும் இறக்கிவிட வேண்டும், கக்கம் கறுத்தால் எண்ணெயும் கருகல் வாடை அடிக்கும். செக்கெண்ணெயும் நல்லதுதான். கால், கை, முதுகு எல்லாவற்றுக்கும் சேர்த்து இரண்டு டீஸ்பூன் தாண்ட வேண்டாம். முகத்தில் பரு வருபவர்கள் முகத்திலும் மார்பிலும் தேங்காய் எண்ணெயைத் தவிர்த்துவிடுங்கள், அது துவாரங்களை அடைக்கும். குதிகால் வெடிப்புக்கு எண்ணெய்க்கு மேலே வாசலின் தடவி, காலுறை போட்டுப் படுத்தால் ஒரு வாரத்தில் வித்தியாசம் தெரியும்.

ஓட்ஸும் பால் பவுடரும்

அரிப்பு அதிகம் உள்ளவர்களுக்கு மோரைவிட இது பொருந்தும். மாவாக அரைத்த ஓட்ஸைத் தோலைக் காக்கும் பொருளாக அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2003-இல் ஏற்றுக்கொண்டது. ஓட்ஸில் அரிப்பைத் தணிக்கும் பொருட்கள் இருக்கின்றன, மாவுச்சத்து தண்ணீரைப் பிடித்துவைத்துத் தோலில் கூழ்போலப் படியும்.

எதுவும் சேர்க்காத வெறும் ஓட்ஸை உலர்ந்த மிக்ஸி ஜாரில் போட்டு, நிறுத்தி நிறுத்தி, டால்கம் பவுடர் பதத்துக்கு அரையுங்கள். சரியாக அரைந்ததா என்று பார்க்க ஒரு ஸ்பூனை ஒரு டம்ளர் தண்ணீரில் போட்டுக் கலக்குங்கள். தண்ணீர் பால்போல் வெளுத்து, ஐந்து நிமிடம் ஆகியும் அப்படியே நின்றால் சரி. அடியில் மணல்போல் இறங்கிவிட்டால் இன்னும் அரைக்க வேண்டும், இல்லையென்றால் சல்லடையில் சலித்துக்கொள்ளுங்கள். இரண்டு பங்கு பால் பவுடருக்கு ஒரு பங்கு ஓட்ஸ் மாவு கலந்து, ஈரம் படாத கண்ணாடி பாட்டிலில் போட்டு வைத்தால் ஒரு மாதம் தாராளமாக இருக்கும்.

மேலே சொன்ன ஐந்து லிட்டர் முறைக்கு இந்தப் பொடி அரை டம்ளர். டப் உள்ளவர்கள் பாதி டப் தண்ணீருக்கு இரண்டு டம்ளர் எடுத்து, மெல்லிய வேட்டித் துணியில் மூட்டையாகக் கட்டி, தண்ணீரில் முக்கிப் பிழிந்து பிழிந்து விடுங்கள். பொடியை நேராகக் கொட்டினால் சாக்கடைக் குழாய் அடைத்துக்கொள்ளும், டப்பிலிருந்து எழுந்திருக்கும்போது கால் வழுக்கும். பால் பவுடர் இல்லாமல் பாலே ஊற்றுவதென்றால் பாதி டப்புக்கு ஒன்றிலிருந்து இரண்டு லிட்டர். அதற்குமேல் ஊற்றினால் செலவுதான் கூடும்.

தேங்காய்ப்பால்

பால் ஒவ்வாமை உள்ளவர்களுக்கும், மாட்டுப்பால் வேண்டாம் என்பவர்களுக்கும் இது நல்ல வழி. ஒரு முற்றிய தேங்காயைத் துருவி, வெதுவெதுப்பான தண்ணீர் விட்டு அரைத்துப் பிழிந்த முதல் பாலும் இரண்டாம் பாலும் சேர்ந்தால் போதும், ஐந்து லிட்டருக்குச் சரியாக இருக்கும். பிழிந்த உடனே பயன்படுத்த வேண்டும், இந்த வெப்பத்தில் சில மணி நேரத்திலேயே கெட்டுவிடும். இதற்குப் பிறகு தனியாக எண்ணெய் பூசத் தேவைப்படாது. தரை மட்டும் கண்ணாடியாக வழுக்கும், வயசானவர்கள் இருக்கும் வீட்டில் இதை நான் பரிந்துரைக்கமாட்டேன்.

ஞவரை அரிசிப் பால் பூச்சு

சித்தூர்ப் பக்கம் இருந்துகொண்டு ஞவரையைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. அறுபது நாளை ஒட்டி விளைந்துவிடும் மருந்து நெல் அது. உமி கறுப்பாக ஒரு வகை, பொன்னிறமாக ஒரு வகை. உள்ளே அரிசி சிவப்பு. அதற்குப் புவிசார் குறியீடு வாங்கியவர்கள் பாலக்காட்டு விவசாயிகள். வைத்தியசாலைகளில் செய்யும் ஞவரக்கிழியில் இந்த அரிசியைப் பாலிலும் குறுந்தோட்டிக் கஷாயத்திலும் வேகவைத்து, துணியில் மூட்டை கட்டி, உடம்பெல்லாம் தேய்ப்பார்கள். அது வைத்தியர் பார்த்துச் செய்ய வேண்டிய சிகிச்சை, சூட்டு மூட்டையை வீட்டில் முயலாதீர்கள். ஆனால் அதே கஞ்சியை ஆறவைத்துப் பூச்சாகப் போடுவதை வீட்டில் செய்யலாம்.

அங்காடி மருந்துக் கடையில், அதாவது நாட்டு மருந்துக் கடையில், குறுந்தோட்டி வேர் ஐம்பது கிராம் வாங்கி, கழுவி, நசுக்கி, ஒரு லிட்டர் தண்ணீரில் போட்டு அரை லிட்டராகும்வரை காய்ச்சி வடிகட்டுங்கள். அதோடு அரை லிட்டர் பால் சேர்த்து, கழுவிய ஞவரை அரிசி நூறு கிராம் போட்டு, சிறு தீயில் குழையக் குழைய வேகவிடுங்கள். அடிபிடிக்கும், பக்கத்திலேயே நின்று கிளற வேண்டும். முக்கால் மணி நேரத்தில் கஞ்சி இளஞ்சிவப்பாகி, கரண்டியிலிருந்து கனமாக விழும். கையால் மசித்தால் பருக்கையே தெரியாமல் வழுக்கிப் போக வேண்டும், அதுதான் பதம்.

கை தாங்கும் சூட்டுக்கு ஆறியதும் கால்களிலும் கைகளிலும் கனமாகப் பூசுங்கள். பதினைந்து நிமிடம். முழுக்கக் காயவிடக்கூடாது, காய்ந்து இழுக்க ஆரம்பித்தால் அது தோலின் ஈரத்தையும் சேர்த்து இழுக்கும். மீதிக் கஞ்சியை அதன்மேலே தடவி ஈரமாகவே வையுங்கள். பிறகு தென்னங்கீற்றின் ஓலையை மடித்து அதன் முதுகால் மெதுவாக வழித்து எடுங்கள். வழித்த இடத்தில் தோல் எப்படி இருக்கிறது என்று கையால் தொட்டுப் பாருங்கள். ஈரத் துணியால் துடைத்து, ஒரு மக்குத் தண்ணீர் ஊற்றி, எண்ணெய். ஞவரை விலை அதிகம், இதை மாதம் ஒருமுறை, விசேஷத்துக்கு முன்னால் செய்துகொண்டால் போதும். மட்டை அரிசிக் குருணையிலும் இதே கஞ்சி காய்ச்சலாம்; மருந்துக்குணம் என்று சொல்லமாட்டேன், வழவழப்பு நன்றாகவே வரும்.

எதைச் சேர்க்கலாம், எதைச் சேர்க்கக்கூடாது

வெட்டிவேர் ஒரு பிடி, தண்ணீர் காய்ச்சும்போதே போட்டுவிட்டால் நல்ல வாசனை. அங்காடிக் கடையில் ராமச்சம் என்று கேட்டால் கொடுப்பார்கள். தேன் ஒரு டேபிள்ஸ்பூன் சேர்க்கலாம். காய்ந்த ரோஜா இதழ், ஆவாரம்பூ இரண்டும் துணியில் முடிந்து போட்டால் சுத்தம் செய்வது சுலபம்.

கஸ்தூரி மஞ்சள் வாங்கும்போது கவனம். பளிச்சென்று மஞ்சளாக இருந்தால் அது பெரும்பாலும் மஞ்சக்கூவைக் கிழங்குப் பொடி. உண்மையான கஸ்தூரி மஞ்சள் வெளிறின பழுப்பாக, கற்பூர வாசனையோடு இருக்கும், தோலில் மஞ்சள் ஒட்டாது.

எலுமிச்சைச் சாறு வேண்டாம். தோலில் எலுமிச்சை இருக்கும்போது வெயில் பட்டால் கொப்புளம், கறுப்புத் திட்டு வர வாய்ப்புண்டு. சமையல் சோடாவும் வேண்டாம், அது காரம். மோரின் புளிப்பு கொடுக்கும் பலனை அப்படியே அழித்துவிடும். நறுமண எண்ணெய்களைச் சொட்டுச் சொட்டாகத் தண்ணீரில் விடச் சொல்வார்கள். எண்ணெய் தண்ணீரில் கரையாது, துளியாக மிதந்து தோலின் ஒரே இடத்தில் பட்டு எரிச்சல் தரும். உப்பும் காய்ந்த தோலுக்கு உதவாது.

அடுப்பில் வைத்த பால் திரிந்துபோய்ப் பன்னீர் எடுத்தீர்கள் என்றால், அந்த மீதித் தண்ணீரைக் கொட்டாதீர்கள். அன்றே, அதே அளவு வெந்நீர் கலந்து, பாதங்களைப் பத்து நிமிடம் ஊறவைக்கலாம். நாளெல்லாம் செருப்பில்லாமல் வயலில் நடக்கிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்.

குளித்த பிறகு

துண்டுகளை உடனே வெந்நீரில் அலசி வெயிலில் போடுங்கள், ஒரு ராத்திரி விட்டால் அந்த வாடை லேசில் போகாது. குளியலறைத் தரையில் சூடான தண்ணீரும் பாத்திரம் கழுவும் சோப்பும் ஊற்றித் தேய்த்துவிட வேண்டும், அடுத்து உள்ளே போகிறவர் வழுக்கி விழக்கூடாது. மணையின் அடிப்பக்கத்தையும் மறக்காமல் கழுவுங்கள். வாளியில் மிஞ்சிய மோர்த் தண்ணீரில் சோப்பு இல்லாததால் வாழைக்கோ தென்னைக்கோ ஊற்றிவிடலாம். தேங்காய்ப்பால் கலந்ததை மட்டும் செடிக்கு ஊற்றினால் எறும்பு மொய்க்கும், சாக்கடையில் விட்டால் கொழுப்பு உறைந்து அடைக்கும். தோட்டத்தில் ஒரு குழி தோண்டி ஊற்றி மண்ணைத் தள்ளிவிடுங்கள்.

மோர்க் குளியல் வாரத்துக்கு இரண்டுக்குமேல் வேண்டாம். ஓட்ஸ் என்றால் ஒன்றுவிட்டு ஒரு நாள்கூடச் செய்யலாம். இடையில் உள்ள நாட்களில் வெதுவெதுப்பான தண்ணீர், பாசிப்பயறு மாவு, ஈரத்தோடு எண்ணெய் இவ்வளவையும் விடாமல் செய்துவாருங்கள். மூன்று வாரம் இப்படிச் செய்தும் அரிப்பு அடங்கவில்லை, சிவந்து தடிக்கிறது, ராத்திரி தூக்கம் கெடுகிறது என்றால் பாலை மாற்றிப் பார்த்துக்கொண்டிருக்காமல் தோல் டாக்டரிடம் போய்விடுங்கள்.